நார்வா முழம்

நார்வா, 12 அக்டோபர் 1958

ஏர்னாவுக்கு,

செத்துப்போனவள் எழுதுகிறாளே என்று பயந்து காகிதத்தைக் கீழே போட்டுவிடாதே. உயிரோடுதான் இருக்கிறேன். பல்லில் இரண்டு குறைவு, எடையில் பத்துக் கிலோ குறைவு, வாய் மட்டும் அப்படியே. உன் முகவரியைச் செஞ்சிலுவைக்காரர்கள் தேடிக் கொடுத்தார்கள். பதினான்கு வருடம் கழித்து எழுதும் முதல் கடிதத்தில் அக்காமார்கள் அழுவார்களாம். எனக்கு அதற்கு நேரமில்லை. உன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். நாற்பத்து நாலு செப்டம்பரில், ஸ்வீடனுக்குப் படகேற இருந்த அன்று காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வரச் சொன்னாய். வழியில் சைக்கிள் சக்கரம் மடங்கிவிட்டது. ஏழு மணிக்கு வந்தேன். கரையில் காலடித் தடம் இருந்தது, படகு இல்லை. ஒரு மணி நேரம், ஏர்னா! கூடப் பிறந்தவளுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஸ்வீடன் எழுந்து ஓடியா போயிருக்கும்? சரி, சொல்லிவிட்டேன். இனி வேலை.

ஊரைப் பற்றி நீ கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. நாற்பத்து நாலு ஜனவரியில் நம் எல்லாரையும் வெளியேற்றினார்களே, அதனால் ஆட்கள் பிழைத்தார்கள். மார்ச்சில் இரண்டே நாளில் ஊர் போய்விட்டது. மேலே பறந்தவர்கள் பாதி, போகும்போது வெடி வைத்தவர்கள் மீதி. (நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தபாலைப் பிரித்து இதைப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கு என் வணக்கம். யார் பெயரையும் நான் எழுதவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.) போருக்குப் பிறகு சுவர்கள் நின்றன. ஐந்தாறு வருடத்துக்கு முன் அவற்றையும் தள்ளிவிட்டார்கள். நம் வீடு இருந்த இடத்தில் இப்போது புல். யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

நகர மன்றம் மட்டும் நிற்கிறது. கூரை இல்லை, கோபுரம் இல்லை, சுவர் நிற்கிறது. அதைப் பழுது பார்க்கும் குழுவில் நான் அளவெடுப்பவள். பழைய ஊர்க்காரர்களைத் திரும்ப விடுவதில்லை என்றார்கள் அதிகாரிகள். நாடாவையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வேலைக்காரியாக உள்ளே வந்துவிட்டேன். ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை, கூட கிளாவ்தியா என்று ஒரு கொத்தனார்ப் பெண். பிஸ்கோவ் ஊர்க்காரி, தங்கமானவள், குறட்டைதான் தாங்காது.

சுவரையும் கூரையையும் கட்டிவிடுவார்கள். சிக்கல் கோபுரத்தில். அது எவ்வளவு உயரம், எப்படிக் குறுகிப் போயிற்று என்று சொல்ல ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. தலைமைப் பொறியாளர் கைவிரித்துவிட்டார். "ஞாபகத்த வெச்சுக் கோபுரம் கட்ட முடியுமாம்மா? ஆதாரம் கொண்டா. இல்லாட்டி தட்டையா தகரத்தப் போட்டு மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்." அறுபதாம் வருடம் மார்ச்சில் முடிவு செய்கிறார்கள். அதற்குள் தாள் வேண்டும்.

அந்தக் கட்டடம் ஸ்வீடன் ராஜா காலத்தில் கட்டியது. உன் ஸ்வீடன்காரர்கள் எந்தக் காகிதத்தையும் தூக்கி எறிகிறவர்கள் இல்லை. ஸ்டாக்ஹோம் ராணுவ ஆவணக் காப்பகத்தில் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும். போய் எழுப்பு.

ஹெல்மி


ஸ்டாக்ஹோம், 9 நவம்பர் 1958

அக்கா,

உன் கடிதத்தைத் தையல் கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இங்கே தெருவில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. ஓர் அம்மாள் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்புறம் போய்விட்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு நாள் முழுக்க அழுதேன். உனக்கும் சேர்த்து நானே அழுதுவிட்டேன், நீ வேலையைப் பார்.

ஏழு மணிக்கு வந்தாய் என்கிறாய். சரி. நான் காத்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள். அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டேன்.

ஆனால் தையல் மிஷினைப் பற்றி எழுதுவேன்! அம்மாவின் மிஷினைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நான் கெஞ்சினேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? "நம்ம பாதாள அறை எத்தனை முற்றுகையப் பாத்துது! பீட்டர் ராஜா பீரங்கிக்கே அசையல. உள்ள வெச்சுப் பூட்டு, ரெண்டு வாரத்துல வந்துடப்போறோம்." ஊரே அப்படித்தான் பூட்டிவிட்டுக் கிளம்பியது. வேறு ஊர்க்காரன் எவனாவது நல்ல சாமானை எல்லாம் குண்டு விழப்போகும் ஊருக்கு அடியில் வைத்துவிட்டு, கிழிந்த போர்வையோடு கிளம்புவானா? இங்கே வந்து இரண்டு வருடம் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன், கையில் மிஷின் இல்லாததால். இந்த விஷயத்தில் உன்னைக் கம்பிக்கு இழுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

"வாங்க கம்பிக்கு!" ஞாபகம் இருக்கிறதா? நம் துணிக்கடையில் அளவு குறைகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அம்மா துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையை அப்படியே விட்டுவிட்டுச் சதுக்கத்தைக் கடந்து நகர மன்ற வாசலுக்கு நடப்பாள். முனைக்கு முனை சரியாக ஓர் ஊர் முழம் என்று சுவரில் பதித்திருந்த இரும்புக் கம்பியில் துணியை வைத்துக் காட்டுவாள். சண்டை அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் நாம் இருவரும் மாறி மாறிப் பொய் சொன்னால்கூட, "கம்பிக்கு வர்றீங்களா ரெண்டு பேரும்?" என்பாள். கம்பிக்குப் போனால் பொய் சொல்லக்கூடாது.

தாளைத் தேடுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை. அன்றைக்கே போகிறேன்.

ஏர்னா


ஸ்டாக்ஹோம், 30 ஜனவரி 1959

அக்கா,

கிடைத்துவிட்டது!

பத்து வியாழக்கிழமை. காப்பகத்து ஆள் முதல் நாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நார்வாவா? அது இன்னும் இருக்கா?" நான் சொன்னேன்: "இருக்கு. தொப்பிதான் காணோம். உங்க பெட்டியில இருக்கான்னு பாக்க வந்திருக்கேன்." அதன் பிறகு அவரே ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார். நேற்று ஒரு காகிதக் கட்டைப் பிரித்தால் முகப்பு, கோபுரம், உச்சியில் நாரை, எல்லாம் பழுப்பு மையில் இருக்கிறது. நாரைக்கு ஒற்றைக் கால் கூடப் போட்டிருக்கிறான் மகராசன்.

நிழற்பட நகல் எடுத்து இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அதே கட்டுக்குள் ஊர்க் கோட்டையின் பெரிய படமும் இருந்தது. ஹானர், குளோரியா, ஃபாமா, விக்டோரியா, பாக்ஸ், டிரயம்ஃப் என்று ஆறு கொத்தளமும் முனை மழுங்காமல் இருக்கின்றன. பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டேனியர் வந்தார்கள், ஜெர்மானியர் வந்தார்கள், ஸ்வீடர், ருஷ்யர் எல்லாரும் வந்து மோதினார்கள். மோதுவதற்குத் தகுதியான ஊர் என்றுதானே வந்தார்கள்! உனக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

ஏர்னா


நார்வா, 15 மார்ச் 1959

ஏர்னா,

கோட்டைப் படத்தை அனுப்பச் சொல்லி யாராவது உன்னைக் கேட்டார்களா?

பொட்டலம் வரவில்லை. பொட்டலத்துக்குப் பதில் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெரியவர், ஒரு சின்னவர். சின்னவர் படத்தை மேசையில் விரித்தார்.

"என்ன நட்சத்திரம் இது?"

"கொத்தளங்க. ஸ்வீடன் ராஜா கட்டினது."

"எல்லை ஓரத்து ஊரோட கோட்டைப் படம் வெளிநாட்லேர்ந்து எதுக்கு வருது?"

"பீட்டர் ராஜா இதுக்குள்ள பூந்து எரநூத்தம்பத்தஞ்சு வருஷமாச்சுங்க. இனிமே இதுல மறைக்க என்ன இருக்கு?"

பெரியவர் இருமுவது போலச் சிரித்துவிட்டார். சின்னவர் சிரிக்கவில்லை. படம், கோபுரம், நாரை எல்லாம் அவர் பைக்குள் போய்விட்டன. எனக்கு வேலை போகவில்லை, பயப்படாதே. கிளாவ்தியா அன்று முழுவதும் என் பின்னாலேயே சுற்றி, "நீ வாயக் கொஞ்சம் வாடகைக்கு விட்டுட்டுப் பேசு" என்று திட்டினாள்.

மனம் தளர்வேன் என்று நினைத்தாயா? எனக்கு வேறு யோசனை இருக்கிறது. நீ தையல்காரி. நம் ரோசாலியே அத்தையை மறந்திருக்க மாட்டாய். சதுக்கத்தில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில், காலம் காலமாக ஒரே இடத்தில் நிற்பாளே, அவள்தான். நாற்பத்து நாலு மார்ச்சிலிருந்து வெறுந்தலையோடு இருக்கிறாள். அவளுக்குக் கழுத்திலிருந்து தொப்பிவரை ஒரு கவுன் தைக்க வேண்டும். அவளுடைய பழைய அளவுகள் உன்னிடம் இருப்பதாகக் கேள்வி. எழுதி அனுப்பு. அத்தை ஆகிருதியானவள், பத்தில் ஒன்றாகக் குறைத்து எழுதினால் போதும்.

பாதாள அறையைப் பற்றி எழுதியிருந்தாய். போன கோடையில் நம் வீட்டு இடத்தைத் தோண்டிப் பார்த்தேன். வளைவு ஒரு கல்கூட விழாமல் நிற்கிறது. நான் சொன்னது சரிதான். மிஷினை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஹெல்மி


ஸ்டாக்ஹோம், 20 ஏப்ரல் 1959

அன்பு அக்கா,

ரோசாலியே அத்தைக்குக் கவுன் தைக்கப்போவது கேட்டு மகிழ்ச்சி. அளவுகள் கீழே:

அடிச் சுற்றில் ஒரு பக்கம் 47.5 சென்டிமீட்டர். கழுத்திலிருந்து தொப்பி முனைவரை 237.6. நடுவில் இரண்டு இடத்தில் இறுக்கம், அவை எத்தனையாவது சென்டிமீட்டரில் என்பதைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். தொப்பியில் பறவை கட்டாயம்.

கடையில் என்னோடு தைக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு இது? கொடிக்கம்பத்துக்கா?" என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் உயரம் என்று சொல்லிவிட்டேன்.

ஏர்னா


நார்வா, 7 ஜூன் 1959

ஏர்னா,

அத்தைக்குக் கவுன் பொருந்தவில்லை.

அவளுடைய அடிச் சுற்றை என் கையாலேயே நான்கு முறை அளந்திருக்கிறேன், ஒரு பக்கம் 42.8. நீ எழுதியது 47.5. பொறியாளர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உன் தங்கச்சி அனுப்பினது வேற எதோ ஊர்க் கட்டடம்மா. இல்ல, எவனோ வரைஞ்சு கட்டாமலே விட்ட படம். கோப்ப மூடிடு" என்றார். குழு முழுவதுக்கும் முன்னால் சொன்னார். நான் எல்லாரிடமும், என் தங்கை அளந்தால் மயிரிழை பிசகாது, அவள் துணிக்கடைக்காரியின் மகள் என்று பெருமை அடித்து வைத்திருந்தேன்.

நீ எப்போதும் இப்படித்தான். அவசரம். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது உனக்கு ஆகாது. படகிலும் அப்படித்தான் ஏறிப் போனாய். உனக்கு அங்கே சுவரெல்லாம் நேராக, கூரையெல்லாம் முழுதாக இருக்கிறது. இங்கே ஒரு கோபுரம் வருமா வராதா என்பதில் எனக்குத் தூக்கம் போகிறது என்றால் அது உனக்கு எப்படித் தெரியும்?

ஹெல்மி


ஸ்டாக்ஹோம், 14 செப்டம்பர் 1959

அக்கா,

மூன்று மாதம் எழுதவில்லை. கோபம்தான், மறைக்க மாட்டேன். படகைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். காரணம் கேட்காதே.

ஆனால் 42.8 என்ற எண் என்னை விடவில்லை. தைக்கும்போது, சாப்பிடும்போது அதே எண். போன வியாழக்கிழமை மறுபடி காப்பகத்துக்குப் போனேன். தாளில் அடிப் பக்கம் எட்டு முழம், உயரம் நாற்பது முழம் என்றுதான் இருக்கிறது. அதில் பிசகில்லை. கவுன் அளவு போலத் தெரிய வேண்டும் என்று நான்தான் முழத்தைச் சென்டிமீட்டராக மாற்றினேன். எந்த முழத்தால் மாற்றினேன்? இங்கே கடைச் சுவரில் தொங்கும் பழைய ஸ்வீடன் முழத்தால். ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.

கட்டியவர்கள் நார்வாவில் நின்றல்லவா கட்டினார்கள்! ஸ்டாக்ஹோமிலிருந்து கோலைத் தூக்கிக்கொண்டா போயிருப்பார்கள்? நம் ஊர் முழம் குட்டை. ரயில் வந்த பிறகு வெளியூர் வியாபாரிகள் அதற்காக நம்மைக் கேலி செய்தார்கள் என்று அம்மா சொல்வாள். உன் 428ஐ எட்டால் வகுத்துப் பார், நம் முழம் வரும்.

கம்பிக்கு எதிரே பிறந்து வளர்ந்தவள், அந்நிய முழத்தைப் போட்டுச் சொந்த ஊரை அளந்துவிட்டேன். பதினைந்து வருடத்தில் கை மாறிவிட்டது, எனக்கே தெரியவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன். அவசரம் என்று நீ திட்டியதற்காக அல்ல.

ஏர்னா


நார்வா, 18 அக்டோபர் 1959

என் ஏர்னா,

உன் கடிதம் வந்தபோதே ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருந்தது. 428 வகுத்தல் 8, விடை 53.5, அடியில் இரண்டு கோடு. என் கையெழுத்தும் இல்லை, உன் கையெழுத்தும் இல்லை. ஆகவே இனி அத்தை வேண்டாம், கோபுரம் என்றே எழுதலாம். அந்த மூன்றாவது மனிதர் எனக்கு எதிரே வந்தால் கடுகு போட்டுச் சுட்ட ஆற்று மீன் ஒரு தட்டு வாங்கிக் கொடுப்பேன்.

போன கடிதத்தில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதை ஒரு முறைதான் எழுதுவேன், நன்றாகப் படித்துக்கொள்.

ஐம்பத்து மூன்றரையால் பெருக்கினால் எல்லாம் உட்காருகிறது. கோபுரம் இருபத்தொரு மீட்டர் நாற்பது. எரிந்த உத்திரக் குழிகள்கூட நீ அனுப்பிய தனித் தாளோடு ஒத்துப்போகின்றன. ஓடிப் போய்ப் பொறியாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. ஆனா நீ விடைக்குத் தகுந்த மாதிரி முழத்த வளைக்கற. ஒங்க ஊர் முழம் இவ்ளோதான்னு வேற எதாச்சும் சொல்லணும். சுவர் சொல்றத வெச்சே சுவரத் தீர்மானிக்க முடியாது." கெட்ட மனிதர் இல்லை. அவர் சொல்வது நியாயம், அதுதான் எரிச்சல்.

கம்பி இருந்தால் முடிந்தது கதை. கம்பி இல்லை. ஆனால் அதன் இரண்டு முனையையும் தாங்கிய இரும்பு முளைகள் கல்லில் ஈயம் ஊற்றி இறக்கியவை, அவ்வளவு சுலபமாக வராது. வாசல் சுவர் முழுவதும் சிமெண்ட் பூசியிருக்கிறது. கண்ட இடத்தில் உளி வைத்தால் செதுக்குக் கல் போய்விடும், ஒரே ஓர் இடத்தைத் திறக்கத்தான் அனுமதி. கம்பி வாசலுக்கு இடப்பக்கம் என்று எனக்கு ஞாபகம். உனக்கு?

ஹெல்மி


ஸ்டாக்ஹோம், 16 நவம்பர் 1959

அக்கா,

வலப்பக்கம்! வலப்பக்கம்! இடப்பக்கத்தைத் தொட்டால் உன்னோடு பேச மாட்டேன்.

எப்படித் தெரியும் என்கிறாயா? என் நாக்குக்குத் தெரியும். எனக்கு ஆறு வயது, கடும் பனி. சில்லிட்ட இரும்பு இனிக்கும் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அந்த ஒருத்தி இப்போது நார்வாவில் அளவெடுக்கிறாள். நான் நம்பி நக்கினேன். நாக்கு கம்பியோடு ஒட்டிக்கொண்டது. நீ வெந்நீர் கொண்டுவர வீட்டுக்கு ஓடினாய், போகிற வழியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாய். பத்து நிமிடம் நான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தேன், அக்கா. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று, "துணிக்கடைக்காரி மக கம்பியவே அளக்கறா டோய்" என்று சிரித்தார்கள்.

அந்தப் பத்து நிமிடமும் எனக்குப் பார்க்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் வலது கண்ணுக்கு நேரே கல்லில் ஒரு கொத்தன் வெட்டிய குறி, வால் மேலே தூக்கிய மீன். கம்பி நெட்டுக்குத்தாக இருந்தது, நான் நக்கியது அதன் கீழ் நுனி. ஆகவே வாசலுக்கு வலப்பக்கம், ஆறு வயதுப் பெண்ணின் வாய் உயரம், மீனுக்கு ஒரு சாண் இடப்பக்கம். அங்கே கீழ் முளை இருக்கும். மேல் முளை அதற்கு நேர் மேலே.

என் உயரம் தெரிய வேண்டுமானால் கிளாவ்தியாவைக் குடியிருப்பில் ஆறு வயதுப் பெண் ஒருத்தியை நிற்க வைத்து அளக்கச் சொல். நக்க விடாதீர்கள்.

ஏர்னா


நார்வா, 20 மார்ச் 1960

ஏர்னா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பனி கொஞ்சம் விட்டதும் போன செவ்வாய்க்கிழமை சுவரைத் திறந்தோம். பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், குழு ஆட்கள் ஏழு பேர் நின்றார்கள். கிளாவ்தியா சிமெண்டைத் தோல் உரிப்பது போல எடுத்தாள். முதலில் வால் வந்தது. அப்புறம் மீன். அவள் கத்தினாள்: "இருக்குடி! மீன் இருக்கு! வாலத் தூக்கிட்டு இருக்கு!" ஒரு சாண் தள்ளிக் கீழ் முளை, ஈயத்தில் பதிந்தபடி, ஒடிந்த பல் மாதிரி. அதற்கு நேர் மேலே இன்னொன்று.

நாடாவை நான் தொடவில்லை. பொறியாளரிடமே கொடுத்தேன். அவர் மூன்று முறை அளந்தார். முளைக்கும் முளைக்கும் நடுவே ஐம்பத்து மூன்றரை. நாலாவது முறையும் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் தங்கச்சிக்கு என்ன வேலைன்ன? தையலா? வீணாப் போச்சு" என்றார். வெள்ளிக்கிழமை குழுவில் கையெழுத்தாகிவிட்டது. கோபுரம் உண்டு. இருபத்தொன்று நாற்பது, உச்சியில் நாரை. எல்லாத் தாளிலும் அளவு நார்வா முழத்தில் என்று எழுதப்போகிறேன், அடைப்புக்குறிக்குள் மீட்டர்.

எல்லாரும் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். இரண்டு முளையிலும் கை வைத்தேன். உனக்குக் கடிதத்தில் என்ன பெருமை அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல்தான் கேட்டது. கம்பிக்கு வந்தவள் பொய் சொல்லக்கூடாது, ஏர்னா. வந்துவிட்டேன், கேட்டுக்கொள்.

நான் அன்று கரைக்கு வரவே இல்லை. சைக்கிள் சக்கரம் மடங்கவில்லை. ஊரிலிருந்து வெளியேற்றிய பிறகு நாம் தங்கியிருந்த பண்ணையிலிருந்து கிளம்பி, கடலுக்குத் திரும்பும் வழியில், பால் கேன் வைக்கும் மேடை இருக்குமே, அதில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தேன். மூட்டை முடிச்சோடு ஆட்கள் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. ஊர் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், யாரும் பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை. என் கண்ணால் பார்க்காமல் கடலைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. ஆறு மணி ஆனது தெரியும், ஏழு ஆனதும் தெரியும். உட்கார்ந்தே இருந்தேன்.

நான் உன்னை விட்டேன். நீ என்னை விட்டதாக எழுதினேன், அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. எழுத எழுத நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதது என்னை இன்னும் துணிய வைத்தது. இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. கடிதம் மட்டும் நிறுத்தாதே.

ஹெல்மி


ஸ்டாக்ஹோம், 17 ஏப்ரல் 1960

அக்கா,

கோபுரத்துக்காக ஒரு கேக் செய்து கடைக்கு எடுத்துப் போனேன். எல்லாருக்கும் ஒரு துண்டு. நாரைக்கு என்று ஒரு துண்டு எடுத்து வைத்து அதையும் நானே தின்றேன்.

நீயும் கேட்டுக்கொள். படகு ஆறு மணிக்குப் போகவில்லை. ஏழு மணிக்கும் போகவில்லை. கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மழையில் நின்றேன். "ஏறும்மா, விமானம் வந்தா எல்லாரும் சாவோம்" என்று படகுக்காரர் திட்டினார். குழந்தை வைத்திருந்த ஒருத்தி என்னை அடித்தாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் அக்கா வருகிறாள், அவள் வார்த்தை தவற மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு ஆண்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்து, தூக்கி உள்ளே போட்டார்கள்.

அதன் பிறகு பதினான்கு வருடம் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வரும் வழியில் உன்னைப் பிடித்துவிட்டார்கள், அல்லது சுட்டுவிட்டார்கள். நான் கரைக்கு வரச் சொன்னதால் நீ செத்தாய். அப்போது உன் கடிதம் வருகிறது. ஏழு மணிக்கு வந்தேன், படகு இல்லை என்கிறாய்! தெருவில் நின்று ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிகிறதா? பொய் சொல்கிறாள், அப்படியென்றால் அவள் வழியில் சாகவில்லை, அவள் வரவே இல்லை. அதைவிட நல்ல செய்தி என் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்தப் பொய்யைப் பிடுங்கினால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜூனில் நீ அதையே கல்லாக எடுத்து எறிந்தபோதுதான் வலித்தது.

தண்டனை கேட்டாயே, இதோ. ஊருக்கு வர விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் விட மாட்டார்களாம், அடுத்த வருடமும் சந்தேகமாம். கொடுத்துக்கொண்டே இருப்பேன். நாரையை ஏற்றிய பிறகு நீ நகர மன்ற வாசலில், வலப்பக்கம், மீனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டும்.

நான் வந்துவிடுவேன். வழியில் எங்கும் உட்கார மாட்டேன்.

ஏர்னா